இடுப்புப் பையில் மூன்று போன்

போன வருடம் பொங்கலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரில் நடந்தது இது. நானும் என் பள்ளிக்கூட நண்பர்கள் இருவரும் குடும்பங்களை வேலூரில் விட்டுவிட்டு, இரண்டு நாள் ஊர் சுற்றப் போயிருந்தோம். ஒருவன் ஹார்டுவேர் கடைக்காரன். இன்னொருவன் கணக்கு வாத்தியார், சர்க்கரை நோயாளி. மூன்றாவது ஆளான எனக்கு வாய் மட்டும்தான் சொத்து.

வருடத்தில் ஒரு நாள் அங்கே ஒரு பெரிய சாலையையே அடைத்து, இரண்டு பக்கமும் ஓவியங்களை மாட்டி விற்பார்கள். அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம். எங்களுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு காலண்டரோடு சரி. ஆனாலும் போய்வந்தால் வீட்டில் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தேர்த் திருவிழாவுக்குப் போகும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பிக்பாக்கெட் பயத்தில் எல்லாருடைய பர்சையும் போனையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவோம். அவன் அவற்றைப் பைக்குள் போட்டு, சட்டைக்குள் இடுப்போடு கட்டிக்கொள்வான். அன்றைக்கு அந்த ஆள் நான். மூன்று போன், மூன்று பர்ஸ், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள வாத்தியார் வைத்திருக்கும் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம். எனக்கு ஏற்கெனவே இருக்கும் தொப்பையோடு சேர்த்துப் பார்த்தால் வளைகாப்பு வைக்கலாம்.

லாட்ஜில் வாத்தியார் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு இறங்கினான். டிபன் கடையில் நிற்கவே இடமில்லை. "படத்தப் பாத்துட்டு வந்தா கூட்டம் கொறஞ்சிடும்டா" என்றான் கடைக்காரன். மூன்று பேரும் ஒருமனதாக அந்த முட்டாள்தனத்தை நிறைவேற்றினோம்.

சாலைக்குள் நுழைந்த பிறகு நடக்க வேண்டிய வேலையே இல்லை, கூட்டமே தள்ளிக்கொண்டு போனது. ஓரிடத்தில் நானும் கடைக்காரனும் ஒரு படத்துக்கு முன்னால் நின்று, அதில் இருப்பது குதிரையா எருமையா என்று சண்டை போட்டோம். தீர்ப்புக் கேட்கத் திரும்பினால் வாத்தியாரைக் காணோம்.

எனக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். ஐம்பது வயதுக்கு மேல் தொலைந்துபோகிறவனை என்ன செய்வது? "அவனுக்குப் போன் போடுடா" என்றான் கடைக்காரன். போட்டேன். என் வயிற்றுக்குள்ளேயே மணி அடித்தது.

அதற்கப்புறம்தான் விஷயம் உறைத்தது. ஊசி போட்டவன், ஒரு வாய் சாப்பிடாதவன். காசு, போன், மிட்டாய் எல்லாம் என் இடுப்பில். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினேன். வழியில் நின்று செல்ஃபி எடுத்தவர்களைத் திட்டினேன். பலூன்காரரைத் திட்டினேன். குதிரையோ எருமையோ, அதை வரைந்தவரையும் மனதுக்குள் திட்டினேன். உதவி மேசையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபர்ஸ்ட் அவருக்கு ஒரு கால் பண்ணுங்க சார்" என்றார். சட்டையைத் தூக்கி இடுப்புப் பையைக் காட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் மனைவி போனில் வந்தார்.

"என்னண்ணா, அவர் போன நீங்க எடுக்கறீங்க? சாப்ட்டாரா?"

"இப்பதாம்மா, தோச வாயில இருக்கு. அதான் பேச முடியல."

"லேட்டாச்சுன்னா கை நடுங்கும்ணா. மயக்கமே போட்டுடுவாரு. பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், ஆளையே காணாமல். வைத்த உடனே அதே போன் மறுபடி அடித்தது. தெரியாத எண். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், "நமஸ்காரா சார், ஒந்து நிமிஷா" என்று கன்னடத்தில் ஆரம்பித்தது. இந்த ஒரு நிமிஷக்காரர்களை எனக்குத் தெரியாதா? "லோனும் வேணாம், கார்டும் வேணாம், வைட்ஃபீல்டுல ஃபிளாட்டும் வேணாம், வைம்மா போன" என்று கத்திவிட்டுத் துண்டித்தேன். மறுபடி அடித்தது. அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லி மறுபடி துண்டித்தேன். கடைக்காரன்கூட, "பாவம்டா, சம்பளத்துக்குப் பேசறவங்க" என்றான். அவனையும் திட்டினேன்.

மூன்றாவது முறை அந்தக் குரல் தமிழில் வந்தது.

"திட்டி முடிச்சிட்டீங்களா சார்? இந்த போனுக்கு சொந்தக்காரரு என் ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. கை கால் ஒதறுது. ஜூஸ் குடுத்திருக்கேன். மரத்தடியில, மொகம் வரையற எடம், செவப்புக் கொடை. கத்தாம வாங்க."

எப்படிப் போனோம் என்று தெரியாது. சிவப்புக் குடைக்குக் கீழே வாத்தியார், குழந்தை போல இரண்டு கையாலும் மாம்பழ ஜூஸைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். சட்டை நனைந்திருந்தது. தோளில் கரி படிந்த ஐந்து விரல் அடையாளம். அவன் சரிந்துவிடாமல் அந்தப் பெண் பிடித்திருந்த இடம் அது. படம் வரைந்துகொள்ள வந்தவர்கள் சுற்றிலும் காத்துக்கொண்டிருந்தார்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் ஸ்ரீராம்புரத்துப் பெண்ணாம், வயது முப்பதுக்குள் இருக்கும்.

மிட்டாயை அவன் வாயில் திணித்துவிட்டு உலுக்கினேன். "எங்கடா போய்த் தொலஞ்ச?"

மெதுவாகத்தான் பேசினான். நாலைந்து பேரிடம் போன் கேட்டிருக்கிறான். கால் தள்ளாடியதைப் பார்த்து, குடிகாரன் என்று ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். கடைசியில் இந்த ஸ்டூலில் விழாத குறையாக உட்கார்ந்திருக்கிறான். பேச்சு குழறிவிட்டது. மனப்பாடமாக இருந்த ஒரே எண் அவனுடைய சொந்த எண். அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மனுஷங்களா இவங்க? உயிருக்குப் போராடறவன் ஒரு நிமிஷம் நில்லுன்னா நிக்க மாட்டாங்களா?" என்று சாலையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அத்தனை ஓவியமும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்தப் பெண் கரிப் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "அவங்களாவது சும்மா ஒதுங்கிப் போனாங்க சார். நீங்க ரெண்டு தடவ திட்டிட்டு வச்சீங்க."

நான் வாத்தியாரின் போனை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். வாத்தியாருக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இவன் வாய மூட வச்சியேம்மா, ஒனக்கு கோயிலே கட்டலாம்" என்றான்.

கடைக்காரன் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தான். வாத்தியார் சாப்பிட்டு முடிக்கும்வரை, காத்திருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறென்ன செய்வான், படம் வரையச் சொன்னேன். "ஆடாம, பேசாம இருக்கணும்" என்றார். இருந்தேன்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வாய் மூடியிருப்பதால் அது நானே இல்லை என்று என் மனைவி சாதிக்கிறாள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், ஒதுங்கிப் போன அந்த நாலைந்து பேர் மேல் கோபம் வரும்; அந்த வரிசையின் முன்னால் நானே நிற்பது தெரிந்ததும் கோபத்துக்குப் போக இடமில்லாமல் போகும். இப்போது தெரியாத எண் எது வந்தாலும் எடுத்து முழுதாகக் கேட்கிறேன். பெரும்பாலும் லோன்தான், ஆனாலும் யாரோ ஒருவருடைய ஸ்டூலில் என் ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.