மாத சீசன் மேக்ஸ்வெல்

சர்ரென்று கையிலிருந்து ஒரு பிளாஸ்டரை உரிக்கிறான். கூடவே நாலு ரோமமும் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஓவர்டிராஃப்ட்! கணக்குல இருக்கிறதுக்கு மேல எடுக்கிறது. அடுத்தது கேளுங்கண்ணா" என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பிளாஸ்டரின் ஓரத்தில் நகத்தை வைத்தாயிற்று.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பெங்களூர் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு மேக்ஸ்வெல்லின் இடது கை நன்றாகத் தெரியும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாயை ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் ஓர் ஆங்கிலச் சொல். மார்ட்கேஜ், சப்சிடி, கொலாட்டரல். மனதில் ஏறினால்தான் உரிப்பான். எல்லாரையும் போல நோட்டில் எழுதிப் படித்தால் என்னவாம் என்று கேட்டேன். "நோட்டு வலிக்காதுண்ணா. வலிச்சாத்தான் எனக்கு மண்டையில ஏறும்" என்றான். அந்தக் கை இப்போது குழந்தையின் கை மாதிரி மழமழவென்று இருக்கிறது. படிப்பு எங்கே போய் நின்றிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்கிறோம்.

ஆண்டர்சன்பேட்டைப் பக்கம், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய மைன்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். முப்பத்தெட்டு வயது. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பதினான்கு வருடமாக இதே வண்டி. அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வீடியோவில் நேர்காணல் செய்து வேலை தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆங்கிலப் பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு வாங்கினால் போதும், பயணம்தான். முதல் தடவை பேச்சுப் பகுதியில் ஆறு வந்தது. இரண்டாவது தடவை, இன்னும் நன்றாகத் தயார் செய்துகொண்டு போய், ஐந்தரை வாங்கினான்.

"பேரு மேக்ஸ்வெல்லு. இவனுக்கே இங்கிலீஷ் பரீட்சைன்னா நம்ம கதி இன்னாய்யா?" என்பது தசரதனின் தினசரி நையாண்டி. தசரதன் பெங்களூரில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்ப்பவர். தினமும் கைக்குட்டை போட்டு மேக்ஸ்வெல்லுக்கு இடம் பிடித்து வைப்பவரும் அவர்தான். பிடித்து வைத்து என்ன பிரயோஜனம்? அவன் உட்கார்ந்தால்தானே! ஐந்து நிமிடம் தாங்காது. எழுந்து கதவுக்குப் போவான், திரும்பி வருவான். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இறங்குவான், பாட்டிலில் தண்ணீர் பிடிப்பான், வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து தொற்றுவான். என் வயதில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாதாரண விஷயமில்லை. "உக்காருடா சனியனே" என்று நான் சத்தம் போடாத நாள் கிடையாது.

காய்ச்சல், ரத்தம், மூச்சு என்று கேட்டால் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவான். பரீட்சைக்காரர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சேமிப்பு, கடன், முதலீடு, விலைவாசி. "அது எங்க வூட்ல பேசிப் பழக்கமில்லாத சப்ஜெக்டுண்ணா. இருந்தாத்தானே பேசறதுக்கு" என்கிறான். அதனால் அகராதி விளக்கம் எதுவும் அவனிடம் நிற்பதில்லை. அவனுடைய அப்பா ஏனோக், சுரங்கம் மூடும் வரை கேஜில், அதாவது கயிற்றில் ஏறி இறங்கும் கூண்டில், ஆள் ஏற்றி இறக்கியவர். பையன் அந்தக் கேஜிலேயே பொருளாதாரத்தையும் ஏற்றிவிட்டான். "ஃப்ளக்சுவேட்டுன்னா கேஜ் மேலயும் கீழயும் போய்க்கினே இருக்கிறது. பிளம்மெட்டுன்னா ரோப்பு அறுந்துடுச்சு, அவ்ளோதான்." இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பேச்சுத் தேர்வில் ஓர் அட்டை தருவார்கள். யோசிக்க ஒரு நிமிடம்; பிறகு இரண்டு நிமிடம் பேச வேண்டும். வண்டி சாம்பியன் ஸ்டேஷனில் நிற்கிற நேரம் அவனுக்கு யோசிக்கிற நேரம். சாம்பியனிலிருந்து உரிகம் வரை பேச்சு. உரிகத்தில் மறுபடி யோசனை, கோரமண்டல் வரை மறுபடி பேச்சு. என் வேலை அவன் கொண்டுவரும் பயிற்சி அட்டையைப் படித்துக் கடிகாரம் பார்ப்பது. எந்த நாளும் உரிகம் வரை அவன் தாக்குப் பிடித்ததில்லை. பாதியிலேயே நின்று ஜன்னலைப் பார்ப்பான். "நல்லாப் பேசினா அவங்களே போதும், நிறுத்துங்கன்னு சொல்வாங்களாம்ணா. என்னை இதுவரைக்கும் ஒருத்தரும் நிறுத்தச் சொன்னதில்ல" என்று ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

இந்த வண்டியில் எல்லாரும் மூன்று மாத சீசன் டிக்கெட் எடுப்பவர்கள். அதுதான் மலிவு. மேக்ஸ்வெல் மட்டும் இரண்டு வருடமாக மாத சீசன். தண்டச் செலவு என்று திட்டினேன். "மூணு மாசம் எடுத்தா மூணு மாசம் இருக்கணும்ணா" என்றான். அந்த ஒரு மாதச் சீட்டை மட்டும் பளபளவென்ற பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பான். என் கவர் கிழிந்து தொங்கியபோது ஒட்டிக் கொடுத்ததும் அவனுடைய பிளாஸ்டர்தான்.

மூன்றாவது பரீட்சைக்குப் பணம் கட்டியது அவன் மனைவி ஆனி. வீட்டுக் கூரைத் தகரம் மாற்றுவதற்காக எடுத்த சீட்டுப் பணம் அது. "இந்த மழைக்கும் வாளிதான்னு சொல்லிட்டாண்ணா. ஆனா இதுதான் கடைசியாம். பாஸானா டப்ளின், இல்லன்னா வாயை மூடிக்கினு இதே வண்டி." அயர்லாந்துக்காரர்கள் கொடுத்த கெடுவும் அந்த மாதத்தோடு முடிகிறது.

போன வெள்ளிக்கிழமை, பரீட்சைக்கு முந்தின நாள். சாம்பியனில் அட்டையைப் படித்தேன்: நீங்கள் வாங்கிய விலை உயர்ந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள். அவன் முகம் செத்துவிட்டது. போன தடவை ஐந்தரை வாங்கிக் கொடுத்த அதே கேள்வி. பயிற்சி நிலையத்தில் கார் வாங்கினதாகச் சொல்லச் சொல்லியிருந்தார்கள். கார் வாங்கினேன் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் அந்தக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நாற்பது விநாடியில் நின்றுபோனவன். வண்டி நகர்ந்தது. "ஐ பாட் எ கார்" என்றான். நின்றான்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "பொய்தான் உனக்கு வரலையே, விட்டுத் தொலையேன்! நெசமாவே நீ வாங்கினதுல எதுடா விலை ஜாஸ்தி?"

கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்: "இந்தப் பரீட்சை."

அதன் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை வாங்கியிருக்கிறேன், இரண்டு முறை வெறுங்கையோடு வந்தேன், பழுதான மிக்சியைக்கூடக் கடைக்காரன் திரும்ப வாங்கிக்கொள்கிறான், இதற்கு ரீஃபண்ட் கிடையாது என்றான். முதல் தடவை என் சேமிப்பு, இரண்டாவது தடவை கடன், வட்டி இன்னும் ஓடுகிறது, மூன்றாவது தடவை என் மனைவியின் கூரை என்றான். மழை வந்தால் வீட்டில் எத்தனை வாளி எங்கெங்கே வைப்போம் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினான். இது முதலீடா சூதாட்டமா என்று ஆனி கேட்கிறாள் என்றான். கையில் ஒட்டியிருந்த சொற்களெல்லாம் வாயிலிருந்து வந்தன. ஒரு தடவைகூட அவன் கையைப் பார்க்கவில்லை. உரிகம் வந்தது, போனது. நான் கடிகாரத்தை மறந்துவிட்டேன். "ரெண்டு நிமிஷம்னான், பங்காருபேட்டையே வந்துடும் போலக்கீதே" என்று தசரதன் முணுமுணுத்தார். முணுமுணுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாரிக்குப்பம் கவுண்டரில் வரிசை. என் மூன்று மாத சீசன் முடிந்திருந்தது. முன்னால் மேக்ஸ்வெல். இடது கையில் ஒரு பிளாஸ்டர்கூட இல்லை. கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"என்னடா ஆச்சு?"

"கார்டு வேற வந்துச்சுண்ணா. யாருக்காவது பணம் குடுத்து உதவினதைப் பத்தி. ஆனியப் பத்திப் பேசினேன். அவ எனக்குக் குடுத்தது." குரலைத் தாழ்த்தினான். "கேள்வி கேட்ட அந்தம்மாவே கையைக் காட்டி நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க."

"ரிசல்ட்டு?"

"வியாழக்கிழமைக்குள்ள வந்துடும்ணா."

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அவனைத் தெரியும். அவன் குனிவதற்கு முன்பே, "மாச சீசன்தானே?" என்று கேட்டுக்கொண்டு தட்ட ஆரம்பித்தார்.

"இல்ல மேடம். பெங்களூர் ஒண்ணு. இன்னிக்கு மட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவன் சில்லறையைச் சரியாக எண்ணி உள்ளே தள்ளினான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவன், முடிந்துபோன தன் பழைய சீசனைக் கவரிலிருந்து உருவிக் கசக்கினான். "உங்களுது கிழிஞ்சிருக்குல்ல" என்று அந்தப் பளபளப்பான காலிக் கவரை என் சட்டைப் பையில் செருகிவிட்டு, வண்டி கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போதே பிளாட்பாரத்தைப் பார்த்து ஓடினான்.