பிறந்த நாடும் கப்பல் ஏறிய துறையும்

1. காலை 8.10

டைரியில் அந்த நாளின் முதல் வரி: "8.10. அமெரிக்க மெயில். தவறு என்னுடையது."

ராயபுரத்தில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் ஏற்றுமதி டாக்குமெண்ட் தயாரிப்பது என் வேலை. திருவொற்றியூரில் யார்டு வைத்திருக்கும் அண்ணாச்சி எங்கள் வாடிக்கையாளர். எஃகில் சேர்க்கும் ஃபெர்ரோகுரோம் கட்டிகளை வெளிநாட்டிலிருந்து வாங்கி, உடைத்து, சலித்து விற்பவர். அமெரிக்காவிலிருந்து அவருக்கு வந்த முதல் ஆர்டர் அது, ஒரு கண்டெய்னர். அது சரியாகப் போனால் மாதம் ஒன்று என்று பேச்சு. அதை நம்பிப் புதிய கிரஷர் வாங்கியிருந்தார்.

வாங்குபவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "உங்கள் டிராஃப்ட் இன்வாய்ஸில் சரக்கின் பிறப்பிடம் ரஷ்யா என்று இருக்கிறது. அப்படியானால் ஆர்டர் ரத்து. பேசியபடி கஜகஸ்தான் என்றால், இந்த லாட்டுக்கே ஆதாரம் அனுப்புங்கள்." அவர் ஊரில் அப்போது மாலை. இரவு பத்து வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நமக்கு அது பகல் பதினொன்றரை.

நடந்தது எனக்கு உடனே புரிந்தது. கஜகஸ்தானுக்குக் கடல் இல்லை. சரக்கு ரயிலில் வந்து ரஷ்யத் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருக்கிறது. இறக்குமதியை வேறொரு புரோக்கர் பார்த்ததால் என்னிடம் இருந்தது பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது, மட்டும். அதில் ஏற்றிய துறையைப் பார்த்து, பிறந்த நாட்டை எழுதிவிட்டேன்.

அண்ணாச்சிக்கு போன் செய்து சொன்னேன்.

"என்னம்மா சொல்லுத? ஒரு வார்த்தைக்கா ரத்துங்கான்?"

"ஆமாம் அண்ணாச்சி. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"சரி, யார்டுக்கு வா. திட்டுறத நேர்ல திட்டுதேன்."

2. யார்டு

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி பழைய ஃபைலை எடுத்து வைத்திருந்தார். சுங்கத்துக்குக் கொடுத்த இறக்குமதி பில் ஆஃப் என்ட்ரியில் கஜகஸ்தான் என்றே இருந்தது. லாட் எண்ணும் இருந்தது. ஆனால் அதே மாதத்தில் உண்மையான ரஷ்யச் சரக்கும் யார்டுக்கு வந்திருந்தது. கண்டெய்னரில் ஏறியது எது? உடைத்த பிறகு இரண்டும் ஒரே சாம்பல் நிறக் கல்.

யார்டு சூப்பர்வைசர் தேவராஜ் சடையங்குப்பத்துக்காரர். பதறாமல் கேட்டார்.

"இன்னாக்கா மேட்டரு? ரஷ்யான்னா இன்னா, கஜகஸ்தான்னா இன்னா? கல்லு கல்லுதானே?"

"வரி வேற தேவராஜ். கஜகஸ்தானுக்கு அமெரிக்கா சாதாரண வர்த்தக உறவு குடுத்திருக்கு. ரஷ்யாவுக்குக் குடுத்ததைத் திரும்ப எடுத்துடுச்சு."

"சாதாரணம்னு ஒண்ணு குடுப்பாங்களா? அது சும்மாவே இருக்கிறதுதானே சாதாரணம்?"

இதே கேள்வி எனக்கும் இருந்ததால் வரும் வழியில் பஸ்ஸில் தேடிப் படித்திருந்தேன். அதை அவருக்குச் சொன்னேன். சோவியத் காலத்தில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: குடிமக்களை வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்குச் சாதாரண வரி விகிதம் கிடையாது. சோவியத் உடைந்த பிறகும் சட்டம் அப்படியே இருந்தது. பிரிந்த நாடுகளில் சிலவற்றுக்கு நிரந்தரமாக விலக்கு தந்தார்கள். கஜகஸ்தானுக்கு, நான் படித்த அன்றுவரை, தற்காலிகம்தான். நிபந்தனையை மீறவில்லை என்று அவ்வப்போது அறிக்கை வைத்து நீட்டித்துக்கொண்டிருந்தார்கள்.

தேவராஜ் சிரித்தார். "என் போர்ட் பாஸ் மாதிரிகீது. பதினோரு வருசமா டெம்ப்ரவரி. அந்த ஊரு நமக்கு சொந்தம்க்கா."

"சொந்தம் கொண்டாடுனது போதும்ல," என்றார் அண்ணாச்சி. "எந்தக் கல்லு உள்ள போச்சு, அதச் சொல்லு."

"அதுக்கு ஏன் பேஜாராவுற அண்ணாச்சி? கம்பி கீதே."

3. கம்பி

அந்த யார்டில் ஒரு வழக்கம். ஜம்போ பையை அறுத்துக் கொட்டினால், அதன் லேபிளை வெட்டி ஒரு கம்பியில் கோத்துவிடுவார்கள். எத்தனை பை அறுத்தோம் என்று லோடுமேன்களோடு தகராறு வராமல் இருக்க. கிரஷருக்குப் போகும் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கம்பி. முனையில் கண்டெய்னர் எண் எழுதிய அட்டை.

தேவராஜ் ஷெட்டுக்குள் போய் எங்கள் கம்பியைத் தோளில் மாலைபோல் போட்டுக்கொண்டு வந்தார். லேபிள்களைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கஜகஸ்தான். அதே லாட் எண். கடைசி லேபிள் வரை ஒரு ரஷ்யா கூட இல்லை.

"நேத்துதான் இதெல்லாம் காயலான் கடையில போடுன்னு சொன்னேன்," என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"நீ சொல்லுவ. நான் கேக்கணுமே."

படங்கள், பில் ஆஃப் என்ட்ரி, திருத்திய இன்வாய்ஸ் எல்லாம் 10.50க்கு அனுப்பினேன். தவறு எப்படி நடந்தது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அதன்பின் மூவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரும் குடிக்காமல் இருந்தோம். 11.21க்குப் பதில் வந்தது: "ஏற்றுக்கொண்டோம். இனி ஒவ்வொரு லாட்டுக்கும் இந்தக் கம்பியின் படம் வேண்டும்."

படித்துக் காட்டினேன். அண்ணாச்சி ஆறிய டீயை ஒரே மடக்காகக் குடித்தார். என்னைத் திட்டுவதை மறந்துவிட்டார், நானும் நினைவுபடுத்தவில்லை.

இப்போது புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பிறந்த இடத்தைக் கப்பல் டிக்கெட்டில் தேடாதீர்கள், சரக்கைத் தொட்டவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் என் முதல் போன் தேவராஜுக்குத்தான். அவருடைய பாஸ் இன்னும் டெம்ப்ரவரி. கஜகஸ்தான் செய்தி ஏதாவது வந்ததா என்று மாதம் ஒருமுறை கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். "பரவால்லக்கா, ரெண்டு பேருமா வெயிட் பண்றோம்," என்கிறார்.