கட்டிக்கு நேரே ஒரு டிக்

விருத்தாசலம் பீங்கான் யூனிட்டில் என் எதிர் மேசை நீலாவதியுடையது. சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லாததை ஒதுக்குவது அவள் வேலை. முதலாளியே வந்து கெஞ்சினாலும் கீறல் விழுந்ததை விடமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் முகத்து விஷயத்தில் செய்த கூத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

2007-இல் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் யாரோ அவள் கணவர் ஆனந்தராஜிடம், "ஒங்க அக்காவுக்கு எல போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். கணவர் சிரித்தார். இவள் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். அடுத்த மாதம் பல்வலி என்று வீட்டில் பொய் சொல்லி, பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழுந்திருந்த மடிப்புகளை நிரப்ப ஊசி போட்டுக்கொண்டாள்.

மடிப்பு மறைந்தது. ஆனால் ஒரே வாரத்தில் இடது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. பார்த்தால் தெரியாது, தொட்டால் தெரியும். அன்றோடு தூக்கம் போயிற்று. வாய் கோணிவிடுமோ, மருந்து கண்ணுக்கு ஏறிவிடுமோ, கணவர் கன்னத்தைத் தொட்டுவிடுவாரோ. வேலை நடுவே நாக்கால் உள்ளிருந்து அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். "பல்லு இன்னும் வலிக்குதாடி?" என்று நானும் விவரம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்ட டாக்டர் மூன்றாம் மாதம் வரச் சொல்லியிருந்தார். அங்கே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து உட்காரவைத்து, கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளை நீட்டினாராம். திருப்தியா? வீக்கம், கட்டி உண்டா? அவ்வளவு பிரியமாகப் பேசுகிறவர் முன்னால் குறை சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. 'மிகவும் திருப்தி'யில் டிக் அடித்தாள். கட்டிக்கு நேரே 'இல்லை'.

டாக்டர் சந்தோஷமாக, அதே ஊசிக்காக வெளியே காத்திருந்த கயல்விழி என்ற டீச்சரை உள்ளே கூப்பிட்டார். "பயந்துகிட்டே இருந்தீங்களே, இந்த அக்காவக் கேளுங்க. ஒரு கொறையும் இல்லேன்னு எழுதியிருக்காங்க."

டீச்சர் இவள் முகத்தையே பார்த்தாள். "நெஜமாவே ஒண்ணும் ஆவலியாக்கா? நான் வூட்ல சொல்லாம வந்திருக்கேன்."

நீலாவதி டீச்சரின் விரலைப் பிடித்துத் தன் இடது கன்னத்தில் வைத்தாள். "இங்க அமுக்குங்க."

டீச்சர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டாள். "வலிக்குதா?"

"வலி இல்லம்மா. பயம். மூணு மாசமா பயம்."

டாக்டர் எழுந்து வந்து தடவிப் பார்த்தார். "மொத வாரமே வந்திருந்தா அமுக்கி விட்டே சரி பண்ணியிருப்பேனே. இப்பவும் கரைச்சிடலாம், பயப்படாதீங்க. ஏன்க்கா சொல்லல?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதாங்க."

டாக்டர் வேறொரு தாளைக் கொடுத்தார். நீலாவதி கட்டிக்கு நேரே 'உண்டு' என்று அழுத்தி டிக் அடித்தாள். திருப்தி வரிக்கு வந்ததும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அத கரைஞ்சப்பறம் போடறேங்க."