அக்காவின் ரேடியோவும் என் தேங்காய் எண்ணெயும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளாமல் பேனா நகராது போலிருக்கிறது.

அக்கா பிறந்தது செங்கல்பட்டில். அப்பா காலமானபின் எங்களைத் தாம்பரத்துக்கு அழைத்து வந்து, கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து, தம்பியான என்னைப் படிக்க வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அஸ்தினாபுரம் வீட்டில் அவருக்குத் துணை அமெச்சூர் ரேடியோதான். ஞாயிறு காலைதோறும், முகம் பார்த்திராத நண்பர்களோடு அதில் பேசுவார். "காலங்காத்தால என்ன இது கரகரன்னு" என்று நான் சலித்துக்கொள்வேன்.

போன வருடம் அந்த ரேடியோ செட் மந்தமாகிவிட்டது. உள்ளே மெக்கானிக்கல் ஃபில்டர் என்று விரல் நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய். ஏரியலில் ஒரே நேரத்தில் பல பேர் குரல் மின்சாரமாக வந்து விழும். இந்த வடிகட்டி அந்த மின்சாரத்தை அதிர்வாக மாற்றி, மெல்லிய கம்பியால் இணைத்த சின்னத் தகடுகள் வழியே அனுப்பும். தகடுகள் தங்களுக்குப் பொருந்திய அதிர்வை மட்டும் கடத்தும். மற்றது வழியிலேயே அடங்கிவிடும். மறுமுனையில் அது திரும்ப மின்சாரமாகி, ஒரே ஒருவர் குரலாகக் கேட்கும். தகடுகளைத் தாங்கிய ஸ்பாஞ்ச் பழசாகி, பிசினாக உருகி, அவற்றை அதிரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

அக்கா குழாயைத் திறந்து வைத்திருந்த வாரத்தில்தான் அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. "அதைத் தொடாதடா, நான் வந்து பாத்துக்கறேன்" என்றார் ஆஸ்பத்திரியில். இருதயம் ரொம்பப் பலவீனம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கும் புரிந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்டா" என்றார்.

என்னால் வேறென்ன செய்ய முடியும்? இதையாவது செய்வோம் என்று உட்கார்ந்தேன். பலாப்பிசினுக்குத் தேங்காய் எண்ணெய்தானே போடுவோம். போட்டேன். பழைய வேட்டித்துணியால் அழுத்தித் துடைத்தேன். தகடுகள் பளபளத்தன. கம்பி விட்டுப்போயிருந்தது.

வீடு திரும்பிய அக்கா குழாயை முகர்ந்து பார்த்தார்.

"தேங்கா எண்ணெயா?"

தலையாட்டினேன்.

"சரி விடு. அழாத. வேற ஏதாவது பண்ணலாம்."

அவர் சொல்லச் சொல்ல, வடிகட்டி இருந்த இடத்தில், எதையும் பிரிக்காமல் அப்படியே கடத்திவிடும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன். ஞாயிறு காலை எல்லாக் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அக்கா காதைச் செட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"யாரோ என்னைக் கூப்பிடறாங்கடா. யாருன்னு பிரிச்சுக் கேக்க முடியல."

நான் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். புதன்கிழமை அக்கா போய்விட்டார்.

அக்காவுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்த எதிர்வீட்டு டீச்சருக்கும், ஆக்ஸிஜன் சிலிண்டரை மாடிவரை தூக்கி வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும் எங்கள் நன்றி. பதினாறாம் நாள் காரியத்தன்று முன்பின் தெரியாத நாலு பேர் வாசலில் நின்றார்கள். ஒருவர் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, வருடக்கணக்காக நான் சலித்துக்கொண்ட குரல்.

"அன்னிக்கு ரொம்ப நேரம் கூப்பிட்டோம் சார்" என்றார்.

அவர்களுக்கும் நன்றி. அக்கா, அன்று கூப்பிட்டது இவர்கள்தான்.