பேனா மூடியும் பெட்ரோல் நாற்றமும்

போன மாதம் என் காரில் வந்த ‘உஸ்’ சத்தத்தை நானே நிறுத்திவிட்டதாக இங்கே பதிவு போட்டிருந்தேன். இன்ஜினில் காற்றை இழுத்துக்கொண்டிருந்த ஒரு சின்னக் குழாய் முனையில் பேனா மூடியைச் சொருகினேன். சத்தம் நின்றது.

அன்றிலிருந்து பெட்ரோல் நாற்றம், கரும்புகை. இன்று குரோம்பேட்டை மெக்கானிக்கிடம் காட்டினேன்.

“டியூப் கழண்டுகினு கீது சார். நீங்க இன்ஜின் பக்கத்து வாய அடச்சி வச்சிக்கிறீங்க. இன்ஜின் இழுக்கிற இந்த வேக்குவம் பெட்ரோல் ரெகுலேட்டருக்குப் போனாதான் பிரஷர் கொறையும். இல்லாங்காட்டி பெட்ரோல் ஜாஸ்தியா ஊத்தும், பொக வரும்.”

மூடியைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழாய் முனைக்கும் ரெகுலேட்டருக்கும் இடையே புது ரப்பர் டியூபை மாட்டினார். புகை நின்றது. மூடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“பேனா வூட்ல கீதா சார்?”

பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதற்கு நாற்பது லைக் இருக்கிறது. அதைப் பார்த்து மூடி சொருகியவர்கள் சத்தமில்லாமல் இன்பாக்ஸுக்கு வரவும்.