தேனீ இல்லாத தேன்பெட்டிகள்

மூத்த பிள்ளையின் பெயரால் எல்லோரும் 'சிஷாவின் அம்மா' என்று அழைக்கும் அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது. அந்த ஊர்த் தாமிரச் சுரங்கம் மூடியதும் காங்கோ பக்கம் வேலை தேடிப்போன கணவன் திரும்பவில்லை. தாமிரத்தை மட்டும் நம்பக்கூடாது என்று வந்த உதவித் திட்டம் அந்த அம்மாவுக்கு இருபது தேன்பெட்டிகளும் மாதச் சம்பளமும் கொடுத்தது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு நான்கு வருடமாக நிலையான வேலை என்றது திட்டக் கோப்பு. அதைச் சரிபார்க்கத் தலைநகர் லுசாகாவிலிருந்து நான் போனேன்.

பெட்டிகள் பளபளத்தன. உட்கார்ந்ததுமே கிண்ணத்தில் தேன் வந்தது. முதல் கேள்வியை நான் முடிப்பதற்குள் மூன்றாவதற்கும் பதில் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம் தட்டியது. எழுந்துபோய் ஒரு மூடியைத் தூக்கினேன். ஒரு தேனீகூட இல்லை. அடுத்ததிலும் இல்லை.

"தேனீ எங்கேம்மா?"

"கரி சுட மரத்தையெல்லாம் வெட்டினாங்களே, முதல் வருசமே ஓடிப்போச்சு தம்பி."

"அப்போ இந்தத் தேன்?"

"சந்தையில வாங்கினது. வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பலாமா?"

"பின்னே எதுக்குச் சம்பளம் தர்றாங்க?" என் குரல் எகிறிவிட்டது.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களை மாதிரி வர்றவங்களுக்குப் பதில் சொல்லத்தான். பெட்டியைத் தொடைக்கணும், நல்ல துணி கட்டணும், போட்டோவுக்குச் சிரிக்கணும். லேசுப்பட்ட வேலைன்னு நெனச்சீங்களா?"

கையிலிருந்த கேள்வித்தாளைப் புரட்டினேன். 'இந்த வேலை நீடிக்குமா?' என்பது கடைசிக் கேள்வி. அதை நான் கேட்கவேயில்லை. அவரே பதில் சொன்னார்:

"நீங்கள்லாம் வர்ற வரைக்கும் நீடிக்கும். எழுதிக்குங்க."