கனகுவின் பெயர் தைத்த சட்டை

நிரோஜினி கம்பஸில் என்ன படித்தாள் என்று எங்கள் சல்லிக் கிராமத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் வீட்டுப் பிளான் கீறப் படித்தவள் என்பார், இன்னொருவர் தையல் என்பார், வேறொருவர் போஸ்டர் அடிக்கிற படிப்பு என்பார். மூவர் சொல்வதும் சரி. வடிவமைப்பு என்று ஒரு பட்டம் இருக்கிறது. துணி, மரம், எழுத்து, வீட்டு அறை, கையில் பிடித்துப் பாவிக்கும் சாமான் எல்லாம் அந்த ஒரு பட்டத்துக்குள்ளேயே வரும். எல்லாவற்றையும் படித்துவிட்டு, கடைசி வருசத்தில் அத்தனையையும் சேர்த்து ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும்.

இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் எஞ்சின் பூட்டுவேன், வெல்டிங் அடிப்பேன், பைபர் ஒட்டுவேன், வள்ளத்துக்கு நம்பரும் எழுதுவேன். துறைமுகக் கரையில் இந்த இராசதுரையின் பட்டறை எது என்று கேட்டால் நேவிக்காரனும் கை காட்டுவான். நான் பசியில் படித்ததை அவள் வகுப்பில் இருந்து படிக்கிறாள் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன். எங்கள் ஊர்ச் சங்க மலருக்கு, படித்து முன்னேறிய ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். டொக்டரையும் எஞ்சினியரையும் விட்டுவிட்டு இவளைப் பற்றி எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிப்பவர் திருத்தட்டும். விசயத்தில் பிழை இராது.

அவளுடைய தகப்பன் கனகசுந்தரம் எனக்கு மச்சான் முறை. கடற்றொழில். மனைவி கமலேஸ்வரி. அவர்களுக்கு நிரோஜினி ஒரே பிள்ளை. மிதவைச் சட்டை போடாமல் கடலுக்குப் போகக்கூடாது என்பது சட்டம், அது எல்லோருக்கும் தெரியும். எல்லா வள்ளத்திலும் சட்டை இருக்கும். ஆட்கள் அதன்மேல் குந்தியிருப்பார்கள். போட்டால் வேர்க்கும், வலை இழுக்கும்போது கண்ணிகள் கொளுவும், கழுத்தை அறுக்கும். கனகுவும் அப்படித்தான் குந்தியிருந்தான். கடைசி வருசம் வந்ததும் நிரோஜினி ஒரு முடிவு எடுத்தாள். அப்பா கழற்ற மாட்டாத ஒரு மிதவைச் சட்டை. அதுதான் அவளுடைய பரீட்சை. தகப்பன் உயிரோடு கரைக்கு வரவேண்டும் என்பது பரீட்சையிலும் பெரிய ஆசை என்று எனக்குச் சொல்லியிருந்தாள்.

அவன் வலை இழுப்பதை அவள் கடலில் போய்ப் பார்க்க முடியாது. பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்ற எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான். பட்டறை வளவில் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பைபர் வள்ளத்துக்குள் கனகுவை ஏற்றினேன். வலையின் மற்ற நுனியை வேப்பமரத்தில் கட்டினேன். அவன் மரத்தை இழுக்க, மகள் கீழே நின்று தோள் எப்படிப் போகிறது, முழங்கை எங்கே உரசுகிறது என்று படம் கீறினாள். றோட்டால் போனவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"கனகு, இண்டைக்கு எத்தினை கிலோ வேப்பங்காய்?"

"நாளைக்கு மதிலுக்குப் போடுவன், கல்லு மீன் வரும். வாளி கொண்டு வா."

முதல் செய்த சட்டையை அவன் அப்போதே கழற்றிவிட்டான். "பிள்ளை, இதைப் போட்டால் கடலுக்குள்ள விழாமலே செத்துப்போவன்," என்றான். அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்ததில் தடித்த மிதவையைக் கீலங்களாக வெட்டி விலா எலும்பின் போக்கிலே வைத்தாள். அதற்கடுத்ததில் தோளுக்குத் துணியை எடுத்துவிட்டு வலையையே மடித்துத் தைத்தாள், வேர்வை காயட்டும் என்று. நிறத்துக்குப் பெரிய வாக்குவாதம். தகப்பனுக்கு நீலம் வேண்டும்.

"செம்மஞ்சள் போட்டால் சனம் என்னை றோட்டுப் போடுறவன் எண்டு சொல்லும்."

"நீலம் தண்ணிக்குள்ள தெரியாதப்பா. தேடுற ஆக்களுக்குத் தெரிய வேணும்."

"ஏன், நீயோ தேடி வரப்போறாய்? உன்னை வள்ளத்தில ஏத்தமாட்டாங்கள்."

ஒரு நாள் பின்னேரம் வலையிழுப்பு முடிந்து கனகு இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டான். சட்டையோடேயே போய்விட்டான். போட்டிருப்பதை மறந்துவிட்டான். நிரோஜினி படியில் குந்தியிருந்து அவன் போகிறதையே பார்த்தாள். "மாமா, சரி வந்திட்டுது," என்றாள். அவள் கண் கலங்கியதை அன்றுதான் முதல் கண்டேன்.

அதன்பிறகு அதைத் திருத்தமாகத் தைத்தாள். துணிப் பாடத்தில் படித்த தையல், மரப் பாடத்தில் செதுக்கிய கட்டைப் பொத்தான், எழுத்துப் பாடத்தில் பழகிய எழுத்து. நெஞ்சிலே வள்ளத்து நம்பரும் அதன்கீழ் கனகசுந்தரம் என்ற பெயரும் வெள்ளை நூலில். எழுத்து விசயத்தில் என்னை ஏமாற்ற முடியாது, எத்தனையோ வள்ளத்துக்குப் பெயர் எழுதினவன் நான். அந்த 'ந'வின் வளைவை என் கையால் எழுத ஏலாது. வேண்டுமென்றால் அதை எழுதிக் கையெழுத்தும் வைத்துத் தருகிறேன்.

கம்பஸுக்குத் திரும்பும்போது சட்டையைத் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போனாள். "ஒவ்வொரு நாளும் போடுங்கோ அப்பா. நல்லாப் பழுதாக்குங்கோ. தை மாசம் வந்து எடுப்பன். எங்கெங்க தேஞ்சிருக்கு எண்டுதான் கம்பஸ் சேர்மாருக்குக் காட்ட வேணும்." அவனும் ஓம் ஓம் என்றான். பின்னேரத்தில் போன் எடுத்துக் கேட்பாள்.

"போட்டனீங்களோ?"

"போட்டனான். நல்ல சோக்கு."

"கழுத்து?"

"ஒண்டும் இல்லை. நீ சாப்பிட்டியோ?"

மாரி தொடங்கி வாடைக்காற்று விழுந்த காலம். கடல் கொஞ்சம் ஓய்ந்தது என்று காலையில் போனவர்கள், கரைக்குத் திரும்பும்போது முறியும் அலைக்குள் அகப்பட்டார்கள். வள்ளம் புரண்டது. கூடப்போன பிரவீனன் நீந்தி ஏறினான். கனகுவின் தலையில் வள்ளத்து விளிம்பு அடித்துவிட்டது. அவன் நல்ல நீச்சல்காரன்தான், ஆனால் நினைவில்லாதவனுக்கு நீச்சல் என்ன செய்யும்? அப்படிப்பட்டவனின் முகத்தை மேலே வைத்திருக்கத்தான் அந்தச் சட்டையின் கழுத்துப் பக்கத்தை அவள் திரும்பத் திரும்பத் தைத்தாள். உடலை மறுநாள் நிலாவெளிப் பக்கத்தில் எடுத்தோம். நான்தான் போய் அடையாளம் காட்டினேன். வெறும் ரீசேட்டோடு கிடந்தான்.

நிரோஜினி வந்து சேர்ந்ததும் ஒன்றைத்தான் கேட்டாள். "மாமா, சட்டை கழண்டிட்டுதோ? பொத்தான் விட்டிட்டுதோ?" தான் செய்த பொத்தான் தகப்பனைக் கைவிட்டுவிட்டது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வெறும் ரீசேட்டோடு கிடந்தான் என்பதை மட்டும் சொன்னேன்.

உடலுக்கு உடுத்தப் புது வேட்டி வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். தாய் அலுமாரிச் சாவியை நிரோஜினியிடம் கொடுத்தாள். திறந்தாள். தாயின் கூறைச்சேலைக்கும் அவளுடைய சேட்டிபிக்கற்றுகளுக்கும் நடுவில், பொலித்தீன் பைக்குள் மடித்தபடி சட்டை இருந்தது. பையை அவிழ்த்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். மீன் வாடை இல்லை. புதுத்துணி வாடை.

"அம்மா, ஒருநாளும் போடேல்லையோ?"

கமலேஸ்வரி சுவரோடு சாய்ந்து இருந்தாள். "கையால தொடவும் விடேல்லை பிள்ளை. பெரிய ஆக்கள் பாக்கிற சாமான், செதிலும் எண்ணெயுமாக் குடுத்தால் என்ர பிள்ளைக்கு மாக்ஸ் குறைப்பாங்கள் எண்டார். பேர் வேற தைச்சுக் கிடக்கு, ஊத்தையாக்க மனம் வரேல்லை எண்டார்."

"போட்டனான் எண்டவர்."

"நீ கேக்கிற நேரம் வேற என்னத்தைச் சொல்லுறது?"

எங்கள் ஆட்கள் அப்படித்தான். நல்லது ஒன்று கைக்கு வந்தால் அதை வைப்பார்கள். புதுக் கோப்பை விருந்தாளிக்கு, புதுப் பாய் வாற ஆளுக்கு. நான் மட்டும் வித்தியாசமா? என் வான் வண்டியின் சீற்றில், வாங்கும்போது இருந்த பொலித்தீன் இன்னும் இருக்கிறது. நிரோஜினியும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அவளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் பெயரைத் தைக்கும்போது தெரியவில்லை.

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்ததும் உறவுக்காரர் கூடி, படிப்புப் போதும், தாயோடு இருக்கட்டும் என்றார்கள். நான் விடவில்லை. நாலாம் வகுப்புக்காரன் சொன்னால் யார் கேட்பார்கள் என்று எவரும் நினைக்க வேண்டாம், நான் சொன்னால் கேட்பார்கள். என் வானிலேயே அவளைப் பரீட்சைக்குக் கொண்டுபோனேன். கந்தளாய் ஊரைத் தாண்டினோம். பிறகு, "மாமா, நான் அவரிட்ட அளவெல்லாம் எடுத்தனான். இதை மட்டும் எடுக்கேல்லை," என்றாள்.

மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் தங்கள் பொருள்களுக்கு வெளிச்சம் போட்டு வைத்திருந்தார்கள். இவள் சட்டையை ஒரு மேசையில் சும்மா விரித்து வைத்தாள். சேர்மார் வந்து தடவிப் பார்த்து, தையல் அருமை, எழுத்து அருமை என்றார்கள். ஒருவர், பாவித்தவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் இங்கிலிசில் சொன்னதை வரும் வழியில் எனக்குத் தமிழில் சொன்னாள்: "பாவிக்கேல்லை சேர். வடிவாச் செய்திட்டன். அதாலதான் பாவிக்கேல்லை. ஆள் செத்துப்போனார்."

நல்ல வகுப்பில் பாஸ் பண்ணினாள். பட்டம் வாங்கிய அன்று தாய் வரவில்லை. கொழும்பில் ஒரு கொம்பனி வேலை தருவதாகச் சொன்னது. அவள் போகவில்லை. இப்போது என் பட்டறை மூலையில் தையல் மெசின் போட்டு மிதவைச் சட்டை தைக்கிறாள். இடம் கொடுத்தது நான், ஆனால் வேலை முழுக்க அவளுடையது. பெயர் தைப்பதில்லை. தைத்து முடிந்ததும் பழைய எஞ்சின் எண்ணெயும் மீன் கழுவின தண்ணீரும் கலந்த தொட்டிக்குள் சட்டையை அமுக்கி, வெயிலில் போட்டு, மண்ணில் இழுத்து, அதன்பிறகுதான் கொடுப்பாள். வாங்க வருபவர்கள் முணுமுணுப்பார்கள்.

"என்ன பிள்ளை, ஒரு புதுசு தாவன்."

"இதுதான் அண்ணை புதுசு. இப்பவே போடுங்கோ, போட்டபடி போங்கோ."

போகிறார்கள். கழற்றாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் என்று சொல்லமாட்டேன்.

கமலேஸ்வரிக்குத்தான் இது பொறுக்கவில்லை. போன கிழமை மகளுக்குச் சோறு கொண்டுவந்தவள், காய்ந்துகொண்டிருந்த சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து, கிணற்றடியில் சவுக்காரம் போட்டுத் தோய்த்துவிட்டாள். நிரோஜினி வந்து பார்த்தாள்.

"ஏனம்மா?"

"கனகற்ற மகள் ஊத்தைச் சாமான் விக்கிறாள் எண்டு சனம் கதைக்குது. படிச்ச பிள்ளை. அந்த மனுசன் உன்ர சாமானை எப்பிடி வைச்சிருந்தது."

நிரோஜினி வெளுத்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் தாயின் கையிலிருந்து வாங்கித் தொட்டிக்குள் திரும்பப் போட்டாள். கமலேஸ்வரி கிணற்றுக் கட்டில் இருந்து அழுதாள். கடைசிச் சட்டையை மட்டும் அவள் விடவில்லை. மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். மகள் இழுக்கவுமில்லை. கை எண்ணெயோடு பக்கத்தில் போய் இருந்தாள். நான் உள்ளே போய் எஞ்சினை முடுக்கினேன், அவர்கள் அழுவது றோட்டுக்குக் கேட்க வேண்டாம் என்று.